எழுத்து சுவர்ப் பக்கம்

கம்ப்யூட்டருக்குள் தண்ணீர் ஓடவிடலாம் என்று சொன்னால் முதலில் யாரும் நம்பமாட்டார்கள். போன் மழையில் நனைந்தாலே அரிசி டப்பாவில் புதைத்துவைத்துவிட்டுக் கும்பிடுகிற உலகம் இது. இதில் ஒருவன் கைக்காசைப் போட்டு வாங்கிய கம்ப்யூட்டரைத் திறந்து, உள்ளே குழாய் போட்டு, பம்ப் வைத்து, தானே தண்ணீரையும் ஊற்றுகிறான் என்றால் அவனை ஒருமாதிரியாகத்தான் பார்ப்பார்கள். நீங்களும் முதல் நாள் அப்படித்தான் பார்த்தீர்கள், மேடம். தப்பில்லை, எனக்குப் பழகிவிட்டது.

"உங்க வார்த்தையிலேயே எழுதுங்க, அவசரமில்ல" என்று தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் மாமனார் எப்படி இறந்தார் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் டியூப்பில் தொடங்காமல் மாமனாரிடம் போய்ச் சேர முடியாது. தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிறான் என்று நினைக்காதீர்கள். இந்தக் கதையில் மூக்குக்கு அதுதான் நேர்வழி.

என் தொழில், இன்னும் கட்டாத வீடுகளுக்குப் படம் போட்டுக் கொடுப்பது. கட்டட முதலாளி வெறும் கோடு போட்ட வரைபடத்தைக் கொடுப்பார். நான் அதில் சுவர் எழுப்பி, சோபா போட்டு, ஜன்னல் வழியே சாயங்கால வெயிலை விழவைத்து, வாங்கப்போகிறவர் வாயைப் பிளக்கும்படி செய்து கொடுப்பேன். என் வீடுகளில் துணி காயாது, குழந்தை கத்தாது, யாரும் இருமமாட்டார்கள். பார்த்தவர்கள் எல்லாரும் "எவ்வளவு அமைதியா இருக்கு" என்றுதான் சொல்வார்கள். அது தானாக வருவதில்லை.

இந்த வேலையின் கடைசிப் பகுதியைக் கம்ப்யூட்டர்தான் செய்யும். ரெண்டர் என்பார்கள். மணிக்கணக்கில் ஓடும். ஓடினால் சூடாகும், சூடானால் விசிறிகள் கதறும். அந்தக் கதறல் எனக்கு ஆகாது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் சத்தம் போட்டு மென்றாலே நான் எழுந்து போய்விடுகிற ஆள். அதனால்தான் தண்ணீர். தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு போய், பின்பக்கம் இருக்கும் ரேடியேட்டரில் இறக்கிவிட்டு, குளிர்ந்து திரும்பி வரும். விசிறி சோம்பேறித்தனமாகச் சுற்றினாலே போதும். சூடான காற்று மட்டும் பின்பக்கமாக, சுவரைப் பார்த்து வெளியே போய்க்கொண்டிருக்கும்.

இப்போது டியூப். கடைக்குப் போய் "ஒரு டியூப் குடுங்க" என்று கேட்டால் கிடைக்கிற பொருள் இல்லை இது. கறுப்பு ரப்பர் டியூப் ஒன்று இருக்கிறது. பல வருஷம் உழைக்கும், மடியாது, மங்காது, தண்ணீரில் எதையும் கக்காது. எல்லா நல்ல குணமும் உண்டு, பார்க்கத்தான் எருமை வால். நல்ல மனிதர்கள் பலர் அப்படித்தான் இருக்கிறார்கள், நாமும் அவர்களை மேசைக்குப் பின்னால்தான் வைக்கிறோம். அடுத்தது தடித்த சுவருள்ள கண்ணாடி டியூப். கண்ணாடி என்றால் நிஜக் கண்ணாடி இல்லை, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். வளைத்தால் வளையும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

மூன்றாவது மெல்லிய சுவருள்ள கண்ணாடி டியூப். அதைத் தொட்டுப் பார்த்தால் பச்சைக்குழந்தையின் காது மடல் ஞாபகம் வரும். அவ்வளவு தெளிவு, அவ்வளவு மிருது. அழகாக இருப்பவர்களுக்கு இருக்கிற எல்லாக் கோளாறும் அதற்கும் உண்டு. மிருதுவாக இருக்கட்டும் என்று சேர்த்த எண்ணெய் நாளாக நாளாகக் கசிந்து, டியூப் கஞ்சித் தண்ணீர் மாதிரி மங்கிப்போகும். அதுகூடப் பரவாயில்லை. சூடு பட்டால் துவண்டுவிடும். துவண்ட இடத்தில் வளைவு இருந்தால் மடிந்து, இரண்டு பக்கச் சுவரும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு அதன் வழியே எதுவும் போகாது.

இதெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டதில்லை, பட்டுத் தெரிந்துகொண்டது. முதலில் என் கம்ப்யூட்டருக்கு அந்த மெல்லிய டியூப்பைத்தான் வாங்கிப் போட்டேன். இணையத்தில் டியூப்புக்கென்றே சண்டை போடுகிற ஒரு கூட்டம் இருக்கிறது. வேண்டாம் என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். அழகைப் பார்த்து மயங்கினவனுக்கு யார் சொல்லி ஏறும். ஒரு வெயில் நாளில் ரெண்டர் ஓடும்போது வளைவில் மடிந்தது, தண்ணீர் நின்றது. கம்ப்யூட்டர் சூடேறி, தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. அதற்குள் அப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. இயந்திரத்துக்கு இருக்கிற அந்த அறிவு எல்லாருக்கும் இருப்பதில்லை. நான் தடித்த டியூப்புக்கு மாறினேன். மிச்சமிருந்த மெல்லியதைச் சுருட்டி ஆணியில் மாட்டிவைத்தேன். நான் எதையும் வீணாக்குகிறவன் இல்லை.

டியூப் போடுவதிலும் ஒரு கை இருக்கிறது. முனையைக் கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, அதற்கென்று உள்ள வெட்டியால் நேராக வெட்ட வேண்டும். வெந்நீரில் நனைத்து இளக்கி, ஒரே தள்ளலில் ஏற்ற வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. டியூப்பின் மேல் நெடுக எழுத்து அச்சடித்திருப்பார்கள். என்ன அளவு, எதற்கு உகந்தது, எவ்வளவு சூடு தாங்கும், எதற்குப் பயன்படுத்தக் கூடாது. அது கண்ணில் பட்டால் மொத்த அழகும் போச்சு. நல்ல வேலைக்காரன் அந்த எழுத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிவைப்பான். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை முறுக்கு விழாமல் திருப்பிவைப்பது லேசான காரியம் இல்லை. செய்து பார்த்தவனுக்குத்தான் தெரியும். என் வீட்டில் அதை யாரும் கவனித்ததில்லை.

இனி மாமனார்.

அவர் ரேடியோவில் செய்தி வாசித்தவர். ஓய்வுபெற்று ரொம்ப நாள் ஆகியும், ஓய்வுபெற்றது வேலைதான், குரல் இல்லை. நுரையீரல் கெட்டுப்போய், தனியாக இருக்க முடியாது என்று ஆனபோது என் மனைவி அவரை எங்களோடு கூட்டிவந்தாள். ஒரே மகள். நான் ஒன்றும் மறுக்கவில்லை. மாமா வந்த மறுநாள் காலையிலேயே சாப்பாட்டு மேசையில் ஒளிபரப்பு தொடங்கிவிட்டது.

"வணக்கம். செய்திகள் வாசிப்பது உங்கள் மாமனார். முக்கியச் செய்திகள். இன்றைய காலை உணவில் உப்பு குறைந்திருப்பதாக வீட்டு வட்டாரங்கள் தெரிவிக்கின்றன. மாப்பிள்ளையின் மீன்தொட்டியில் இன்றும் மீன் விடப்படவில்லை. விரிவான செய்திகள் காபிக்குப் பிறகு."

மீன்தொட்டி என்று அவர் சொன்னது என் கம்ப்யூட்டரை. கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, நீல நிறத் தண்ணீர். முதல் தடவை எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் மனுஷன் அதை விடவில்லை. மூச்சு வாங்குகிறவர், மூச்சுக்கு முந்நூறு தரம் அதையே சொன்னார். காலையில் மீன், மதியம் மீன், விளக்கு வைக்கிற நேரத்தில் மீன். என் மனைவி ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள். அப்பா சிரிக்கவைப்பதற்கே பிறந்தவர், கணவன் பில் கட்டுவதற்குப் பிறந்தவன். இது எழுதிவைக்காத சட்டம்.

ஒருநாள் ஒரு கட்டட முதலாளி வீட்டுக்கு வந்திருந்தார். பெரிய வேலை பேச வந்தவர். மாமா தன் அறையிலிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து, "சார், நம்ம மாப்பிள்ளை மீன் வளக்குறார், மீனத் தவிர எல்லாம் இருக்கு" என்றார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். வேலை கிடைத்தது. கூடவே பெயரும் கிடைத்தது. அன்றிலிருந்து அவருடைய அலுவலகத்தில் எனக்கு மீன்தொட்டி சார் என்றுதான் பெயர். போனை எடுத்தால் அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்கும். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நானும் சிரித்தேன். நான் பெருந்தன்மையானவன் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா.

மாமாவை எனக்குப் பிடிக்காது என்று என் மனைவி உங்களிடம் சொல்லியிருக்கலாம். அபாண்டம். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். ஒருநாளாவது எங்கள் வீட்டில் குரல் உயர்ந்ததாக அக்கம்பக்கத்தில் யாராவது சொல்லட்டும்.

பிறகு ஆக்சிஜன் மெஷின் வந்தது. முழங்கால் உயரப் பெட்டி. அறையில் உள்ள காற்றை இழுத்து, ஆக்சிஜனை மட்டும் பிரித்து, டியூப் வழியாக மூக்குக்கு அனுப்பும். நாள் முழுக்க ஓட வேண்டும், அது நின்றால் மாமாவுக்குத் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஓடும்போது அது ஒரு கிழட்டு லாரி மேடு ஏறுவதுபோல் உறுமும். நடுநடுவே புஸ் என்று ஒரு பெருமூச்சு. மாமாவின் கட்டில் பக்கத்தில் வைத்தார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அப்போது என் மனைவிக்கு ஒரு யோசனை வந்தது. "ஏங்க, உங்க ரூம்தான் அவ்ளோ அமைதியா இருக்கே. மெஷின அங்க வச்சுட்டு டியூப்ப மட்டும் சுவர்ல ஓட்ட போட்டு விட்டா, அப்பா நிம்மதியா தூங்குவார்ல?"

அவள் கணக்கைப் பாருங்கள். நான் காசையும் காலத்தையும் கொட்டி, விசிறி விசிறியாக மாற்றி, டியூப் டியூப்பாகப் பொறுக்கி, ஒரு அறையை அமைதியாக்கினேன். மற்றவர்கள் கண்ணுக்கு அது அமைதி இல்லை, காலி இடம். சத்தம் வைப்பதற்கு வசதியான காலி இடம். சரி என்றேன். ஒரு மனிதரின் மூச்சா என் காதா என்று கேட்டால் எவனும் மூச்சு என்றுதான் சொல்வான். நானும் சொன்னேன், வாயால்.

மெஷின்காரர் வந்தார். வாடகைக்கு மெஷின் விடுகிற கம்பெனியின் ஆள், எப்போதும் தோளில் ஒரு பை. மாமாவின் குரலை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவராம், அதனால் அவர்மேல் தனிப் பாசம். ஒவ்வொரு தடவை வரும்போதும் தன் பெயரைச் செய்தியில் சொல்லச் சொல்லிக் கேட்டுச் சந்தோஷப்படுவார். எனக்கும் மாமாவுக்கும் பொதுவான சுவரில், என் கம்ப்யூட்டர் மேசைக்குப் பின்னால் துளை போட்டு, டியூப்பை அறையைச் சுற்றிக் கொண்டுபோய் அந்தப் பக்கம் விட்டார். போகும்போது என்னிடம் சொன்னார்: "சார், எங்க டியூப்பத் தவிர வேற போட்டுறாதீங்க. இது உள்ள வரி வரியா இருக்கும். மடிஞ்சாலும் அந்த இடுக்குல காத்து போயிரும்." நான் தலையாட்டினேன். நல்ல தகவல். மடிந்தாலும் போகிற டியூப் ஒன்று இருக்கிறதென்றால், மடிந்தால் போகாத டியூப்பும் இருக்கிறது என்று பொருள். அது என் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. இதை மட்டும் நம்புங்கள்.

மெஷினிடம் இன்னொரு வழக்கம் இருந்தது. காற்றோட்டத்தில் ஏதாவது தடை வந்தால் கீச் கீச் என்று கத்தும். மாமா படுக்கையில் புரண்டு டியூப்மேல் படுத்தாலும் கத்தும். வேலைபேசும் நேரத்தில் இரண்டு தடவை கத்தியது. நான் மூடியைக் கழற்றி, கத்துகிற இடத்தில், சத்தம் அடக்கக் கம்ப்யூட்டருக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பஞ்சை அடைத்தேன். ஒளித்து மறைத்துச் செய்யவில்லை. மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "அப்பாடா" என்றாள். அந்த அப்பாடாவையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒருநாள் அவள் என் அறைக்கு வந்தபோது டியூப் தடுக்கி விழப்பார்த்தாள். மெஷின்காரரின் டியூப் பச்சை கலந்த நிறம், சுருட்டி வைத்த வாக்கில் சுருண்டே கிடக்கும். என் அறையில் அப்படி ஒரு பாம்பு கிடப்பது எனக்கும் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. "இத வேற பக்கமா விடுங்களேன். டியூப் விஷயம்னா உங்களுக்குத் தெரியாததா" என்றாள். வீட்டில் என் திறமையை ஒப்புக்கொண்டு ஒருவர் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

எந்த டியூப் போடலாம், எந்த வழியாக விடலாம் என்று ஒரு வாரம் யோசித்தேன். ஒரு வாரம் யோசித்துச் செய்ததை அவசரத்தில் நேர்ந்த பிழை என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள், அதனால் நானும் சொல்லவில்லை. குறுக்குவழி ஒன்றுதான் இருந்தது. மேசைக்குப் பின்னால், ரேடியேட்டருக்கும் சுவருக்கும் நடுவில் போய், துளை இருக்கும் இடத்தில் சட்டென்று வளைந்து உள்ளே போக வேண்டும். ஆணியில் தொங்கியதை எடுத்து, அதில் ஒரு துண்டை வளைத்து, சமையலறையில் கொதிக்கிற தண்ணீரின் ஆவியில் காட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரம் நிமிர்ந்திருந்தது. பிறகு களைத்துப்போனவன் தலைசாய்ப்பதுபோல் மடிந்தது.

மனைவி வந்து நின்றாள். "என்னங்க பண்றீங்க?"

"டெஸ்ட்."

"அப்பாவுக்கா?"

"ஆமா."

அவள் கண் கலங்கிவிட்டது. என் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த வீட்டில் நான் யாரிடமும் ஒரு பொய்கூடச் சொன்னதில்லை.

என் அறையில் இருந்த நீளத்துக்கு மட்டும் டியூப்பை மாற்றினேன். துளைக்கு அந்தப் பக்கம், மாமாவின் அறையில் மெஷின்காரரின் பச்சை டியூப்பையே விட்டுவிட்டேன். நேர்வெட்டு, வெந்நீர், ஒரே தள்ளல். எழுத்தை முழு நீளத்துக்கும் சுவர்ப் பக்கம் திருப்பினேன். சூட்டில் பயன்படுத்தக் கூடாது என்று அதில் அச்சடித்திருப்பதை மறைக்கத்தானே அப்படிச் செய்தாய் என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. மறைப்பது வேறு, அழகாக வைப்பது வேறு. என் கம்ப்யூட்டரில் உள்ள டியூப்பையும் போய்ப் பாருங்கள், அதிலும் எழுத்து சுவர்ப் பக்கம்தான் இருக்கும்.

அந்தக் குறிப்பிட்ட நாளில் வீட்டில் நாங்கள் இருவர்தான். மனைவி பயணச்சீட்டு போடும் அலுவலகத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள். வெளியே நல்ல வெயில். ஒரு அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் ரெண்டர் ஓட்ட வேண்டிய வேலை ஒன்றைச் சில நாளாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். எதற்காகத் தள்ளிப்போட்டேன் என்று நீங்கள் கேட்டதற்குச் சரியான நாளுக்காக என்று சொன்னேன். வேலையில் அப்படிச் சொல்வது வழக்கம்தான்.

மதியம் மாமாவின் அறைக்கே கொண்டுபோய் நான்தான் சாப்பாடு போட்டேன். செய்தி வாசித்தார். குரல் மட்டும் அப்படியே இருந்தது, ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். "மாப்பிள்ளையின் மீன்தொட்டியில்" என்று தொடங்கி, மூச்சுக்காக நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "விரைவில் மீன் விடப்படும் என எதிர்பார்க்கப்படுகிறது" என்று முடித்தார். செய்தியில் அது புதுத் திருப்பம். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அவர் ஸ்பூனைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தார்.

நான் என் அறைக்கு வந்து, கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டு, ரெண்டரைத் தொடங்கினேன். கொஞ்ச நேரத்தில் பின்பக்கம் அனல் அடிக்க ஆரம்பித்தது. கண்ணாடி டியூப்பின் வசதி என்னவென்றால் உள்ளே நடப்பது தெரியும். ஆக்சிஜன் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் மூக்கு வறண்டுபோகாமல் இருக்க அதை ஒரு தண்ணீர்ப் புட்டி வழியாக அனுப்புவார்கள், அதனால் டியூப்பின் உள்சுவரில் பொடிப் பொடியாக நீர்த்துளி படிந்து, காற்று தள்ளத் தள்ள நகர்ந்துபோகும். எறும்பு வரிசை மாதிரி. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வளைவு தலைசாய்ந்தது. துளிகள் அப்படியே நின்றன. மெஷின் பஞ்சுக்குள் என்னவோ முனகியது.

நான் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

சுவரில் தட்டும் சத்தம் கேட்டதா என்று முதல் நாள் கேட்டீர்கள். ஹெட்போனில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, எதுவும் கேட்கவில்லை என்றேன். வீட்டில்தான் நான் பொய் சொல்வதில்லை, இது போலீஸ் ஸ்டேஷன். ஹெட்போனில் பாட்டு ஓடவில்லை. தட்டினார். முதலில் விரலால், பிறகு ஸ்பூனால். "மாப்ள" என்று ஒரு தடவை கேட்டது. வழக்கமாக மாப்பிள்ளை என்று நிறுத்தி, திருத்தமாகச் சொல்கிறவர். அப்புறம் "டியூப்ப… டியூப்ப பாருங்க" என்றார். அவர் வாழ்நாளில் என் டியூப்பைப் பற்றி அக்கறையாகச் சொன்ன ஒரே வாக்கியம். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிறகு அமைதி. மெஷின் சத்தத்துக்கு நடுவிலும் அது அமைதிதான். எனக்கு அந்த வித்தியாசம் தெரியும்.

ரெண்டர் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் நிறுத்தினால் முதலிலிருந்து ஓட்ட வேண்டும். முடிந்ததும் டியூப்பின் மடிப்பைக் கட்டைவிரலால் நீவி நேராக்கினேன். துளிகள் மறுபடி நகர்ந்தன. அதற்கப்புறம்தான் மாமாவைப் பார்க்கப் போனேன். எது முதலில், எது பிறகு என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். முதலில் டியூப், பிறகு மாமா. அவர் கை சுவர்ப் பக்கம் நீண்டு கிடந்தது. எடுத்துப் போர்வைக்குள் வைத்தேன். ஸ்பூனைக் கழுவி அடுக்கில் வைத்தேன். மனைவிக்குப் போன் செய்தேன்.

டாக்டர் வந்து பார்த்தார். "வயசான நுரையீரல். தூக்கத்துலயே போயிருக்கார், குடுத்துவச்சவர்" என்றார். மனைவி என்மேல் சாய்ந்து அழுதாள். "நீங்க இல்லன்னா அப்பா இவ்ளோ நாளே இருந்திருக்க மாட்டார்" என்றாள். அந்த நேரத்தில் நானும் அதை நம்பினேன். மெஷினை அணைத்தோம். என் அறை எனக்குத் திரும்பக் கிடைத்தது. அன்று நான் செய்துமுடித்த அடுக்குமாடிப் படத்தைப் பார்த்துவிட்டு, முதலாளி "இதுவரைக்கும் நீங்க செஞ்சதுலயே இதுதான் டாப்" என்று செய்தி அனுப்பியிருந்தார். உண்மைதான். வெயில் அவ்வளவு தத்ரூபமாக விழுந்திருந்தது.

மெஷினைத் திருப்பி எடுத்துப்போக மெஷின்காரர் வந்தார். வாசலிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதார். அவருக்கும் மாமாவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பிறகு உள்ளே வந்து டியூப்பைக் கழற்றப் போனவர், கையில் பிடித்தபடி நின்றுவிட்டார். "சார், இது எங்க டியூப் இல்லையே" என்றார். நீவினாலும் மெல்லிய டியூப்பில் மடிப்பு விழுந்த இடத்தில் ஒரு வெளிறிய கோடு நின்றுவிடும். அதை விரலால் தடவிப் பார்த்தார். மெஷின் மூடியைக் கழற்றினார், பஞ்சைப் பார்த்தார். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

அப்போதும் ஒன்றும் முழுகிப்போகவில்லை. டியூப்பை யார் மாற்றினார்கள், தெரியாமல் செய்தார்களா என்று ஆயிரம் சொல்லியிருக்கலாம். நானும் சொல்வதாகத்தான் இருந்தேன். நீங்கள் என் அறைக்கு வந்தீர்கள். மேசைக்குப் பின்னால் டார்ச் அடித்து, குனிந்து, நிறைய நேரம் பார்த்தீர்கள். பிறகு நிமிர்ந்து, "எவ்ளோ நீட்டா இருக்கு. ஒரு முறுக்குகூட இல்ல. எழுத்தெல்லாம் ஒரே பக்கம். யார் சார் செஞ்சது?" என்றீர்கள்.

நான்தான் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வேன். இத்தனை வருஷத்தில் அதைக் கவனித்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள். தூண்டில் என்று பிறகுதான் புரிந்தது. மீனே இல்லாத தொட்டி என்று கேலி செய்தார்களே, மீன் நானே என்று யாருக்கும் தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்றியிருக்கிறது, பாராட்டுகள்.

ஆக, மேடம், தெளிவாகவே எழுதிவிடுகிறேன். தெரிந்துதான் அந்த டியூப்பைத் தேர்ந்தெடுத்தேன். தெரிந்துதான் அந்த வழியில் விட்டேன். தெரிந்துதான் அந்த நாளில் ஓட்டினேன். என் மனைவியின் அப்பாவைக் கொன்றது நான்தான். இதை எழுதும்போது கை நடுங்கவில்லை, வேண்டுமானால் எழுத்தைப் பாருங்கள்.

ஒரே ஒரு விஷயம் பாக்கி. இன்று காலை என் முன்னால் ஒரு சின்ன அட்டைப் பெட்டியை வைத்துத் திறந்தீர்கள். மாமாவின் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருந்ததாம். உள்ளே இரண்டு பிளாஸ்டிக் மீன்கள், ஒன்று ஆரஞ்சு, ஒன்று நீலம். மெஷின்காரரிடம் காசு கொடுத்து வாங்கிவரச் சொன்னாராம், என் பிறந்தநாளுக்கு. "மாப்பிள்ளை கோவிச்சுக்கக் கூடாது, ஒரே ஒரு தடவ மனசுவிட்டுச் சிரிச்சுட்டார்னா போதும், அப்புறம் மீன் பேச்சையே எடுக்க மாட்டேன்" என்று சொன்னாராம். சொல்லிவிட்டு நீங்கள் என் முகத்தையே பார்த்தீர்கள். அழுவேன் என்று எதிர்பார்த்தீர்களோ என்னவோ.

நான் மீனின் அளவைத்தான் பார்த்தேன். என் கம்ப்யூட்டரின் தண்ணீர்த் தொட்டியில் அதை விட்டிருந்தால் நேராகப் போய்ப் பம்பின் வாயில் உட்கார்ந்திருக்கும். அந்த நிமிஷமே ஓட்டம் நின்றிருக்கும். ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றை இப்படி அடைத்தால் என்ன ஆகும் என்று ஒரு மனுஷன் யோசிக்க வேண்டாமா, மேடம்.